சென்னை ஓப்பன்: வாடகை வீட்டுக்கு ஓர் ஒப்பாரி

ஜனவரி பிறந்தால் என் நண்பர்கள் வட்டத்தில் ஒரு சிறு துக்கம் அனுசரிக்கப்படுகிறது. புத்தகக் காட்சிக்கான பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போதே யாராவது ஒருவர் பெருமூச்சு விடுவார்: "இந்நேரம் நுங்கம்பாக்கத்தில் உட்கார்ந்திருப்போம்." மற்றவர்கள் தலையசைப்பார்கள். நடால் வந்தது, வாவ்ரிங்கா வென்றது, பேஸும் பூபதியும் மார்பில் மார்பு மோதிக் குதித்தது எல்லாம் ஒரு சுற்று வரும். பிறகு பூனாக்காரர்களுக்கு ஒரு வசவு. அத்துடன் அந்த ஆண்டின் திதி முடிந்துவிடும்.

இந்த ஆண்டு ஆவடியில் ஒரு நூல் அறிமுகக் கூட்டம் முடிந்து தேநீர்க்கடை வாசலில் நின்றிருந்தபோதும் இது நடந்தது. வங்கியில் பணிபுரியும் நண்பர் ஒருவர் வழக்கமான ஒப்பாரியைத் தொடங்கினார். "நம்மிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள் சார்" என்றார். அருகிலிருந்த கவிஞர் உடனே குறுக்கிட்டார். "போகட்டும் தோழர். சிகரெட் கம்பெனி வைத்த கச்சேரி அது. நமக்கும் அதற்கும் என்ன உறவு? ஏரிகள் போய்விட்டன, ஆறுகள் போய்விட்டன, டென்னிஸ் போனதற்கா அழுவது?" என்றார்.

இருவரோடும் எனக்கு வழக்கு உண்டு. தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக் கூடியதன்று அது. அதனால்தான் இக்கட்டுரை.

*

முதலில் வங்கி நண்பருக்கு. "நம்மிடமிருந்து" என்று நீங்கள் சொன்னீர்கள். அந்தப் போட்டி எப்போது நம்முடையதாக இருந்தது என்று பார்ப்போம்.

உலக ஆண்கள் டென்னிஸை நடத்தும் ஏடிபி அமைப்பின் அட்டவணையில் அப்போட்டி முதலில் இடம்பெற்றது சென்னையில் அன்று. 1996-இல் அது டெல்லியில் நடந்தது. ஸ்வீடனைச் சேர்ந்த தாமஸ் என்க்விஸ்ட் வென்றார். மறு ஆண்டே சென்னைக்கு வந்துவிட்டது. அதாவது இன்று பூனாவை நோக்கி நாம் வீசும் வசவை 1997-இல் டெல்லிக்காரர் ஒருவர் நம்மை நோக்கி வீசியிருக்கலாம். 1970-களில் இந்தியாவில் நடந்த கிராண்ட் பிரீ போட்டியும் இப்படியே டெல்லி, பம்பாய், கல்கத்தா, பெங்களூர் என்று ஊர் மாறிக்கொண்டே இருந்தது. நாடோடியாக இருப்பது இவ்வகைப் போட்டிகளின் பிறவிக்குணம்.

இதன் உள்ளமைப்பைப் புரிந்துகொண்டால் துக்கம் பாதி குறையும். ஏடிபி ஆண்டின் ஒவ்வொரு வாரத்திலும் இத்தனை போட்டிகள் என்று வகுத்து, அவற்றை நடத்தும் உரிமையை அளிக்கிறது. அந்த உரிமை ஒரு சொத்து. அதை வைத்திருப்பவர் தாமே நடத்தலாம், பிறருக்குக் குத்தகைக்கு விடலாம், விற்கவும் செய்யலாம். சென்னை ஓப்பனின் உரிமை ஐஎம்ஜி என்ற பன்னாட்டு விளையாட்டு வணிக நிறுவனத்திடம் இருந்தது. தமிழ்நாடு டென்னிஸ் சங்கம் போட்டியை நடத்திக் கொடுத்தது. அரங்கு தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துடையது. பெயர் விளம்பரதாரருடையது. நமக்கென்று இருந்தது அந்த ஒரு வாரம் மட்டுமே. அதுவும் வாடகைக்கு.

பெயரின் வரலாற்றையே பாருங்கள். தொடக்க ஆண்டுகளில் அது ஒரு சிகரெட்டின் பெயரைத் தாங்கி கோல்டு ஃப்ளேக் ஓப்பன் என்று அழைக்கப்பட்டது. 2002 முதல் 2004 வரை டாடா ஓப்பன். 2005-இல்தான் ஊரின் பெயர் முன்னுக்கு வந்து சென்னை ஓப்பன் ஆயிற்று. பின்னாளில் அந்தப் பெயருக்கும் முன்னால் ஏர்செல் வந்து ஒட்டிக்கொண்டது. 2017 ஜனவரியில் கடைசிப் போட்டி நடந்தது. அதே ஆண்டு கோடையில் அது பூனாவுக்குப் போகிறது என்ற அறிவிப்பு வந்தது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் நிறுவனமே திவால் நடவடிக்கைக்கு விண்ணப்பித்தது. வாடகைதாரரும் போனார், வாசலில் பெயர்ப்பலகை மாட்டியவரும் போனார்.

பூனாவின் கதை இன்னும் சிறியது. பாலேவாடி அரங்கில் 2018-இல் டாடா ஓப்பன் மகாராஷ்டிரா என்ற பெயரில் அது தொடங்கியது. முன்பு சென்னைக்குப் பெயர் கொடுத்த அதே டாடாதான். ஜில் சிமோன், கெவின் ஆண்டர்சன், யிரி வெசெலி ஆகியோர் அடுத்தடுத்து வென்றனர். 2021-இல் கொரோனாவால் நடக்கவில்லை. 2022-இல் ஜோவாவ் சோசா, 2023-இல் டாலன் கிரீக்ஸ்போர். அத்துடன் கடை கட்டப்பட்டது. 2024-இல் ஆண்டின் முதல் வாரத்து இடம் ஹாங்காங்குக்குப் போயிற்று. சென்னை 21 முறை கண்ட போட்டியைப் பூனா ஐந்தே முறை கண்டது. 2024, 2025 ஆண்டுகளின் ஏடிபி முதல்நிலைப் பட்டியலில் சென்னையும் இல்லை, பூனாவும் இல்லை, இந்தியாவே இல்லை.

ஆகவே பிடுங்கிக்கொண்டவர் எவருமில்லை, நண்பரே. டெல்லி, சென்னை, பூனா, ஹாங்காங் என்று வாடகை கட்டுப்படியாகும் இடத்துக்கு உரிமையாளர் நகர்ந்துகொண்டே இருக்கிறார். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னால் வருத்தம் வரலாம். பூர்வீக வீடு பறிபோன ஒப்பாரி எதற்கு? கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த வீட்டில் 21 ஆண்டுகள் குடியிருந்தபோது, பக்கத்திலேயே சொந்தமாக ஒரு குடிசையாவது கட்டிக்கொண்டோமா?

*

அந்தக் கேள்விக்குள் போவதற்கு முன் கவிஞருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "நமக்கும் அதற்கும் என்ன உறவு" என்றார் அவர். இலக்கியவாதிகளிடம் நான் அடிக்கடி கேட்கும் குரல் இது. விளையாட்டு என்றாலே கேளிக்கை. அதிலும் டென்னிஸ் என்றால் மேட்டுக்குடிக் கேளிக்கை. எனவே நம் கவனத்துக்கு உரியதன்று. கேட்க முற்போக்காகத்தான் இருக்கிறது.

சிகரெட் பற்றிய அவருடைய குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை. உடல் வலிமையைக் கொண்டாடும் ஒரு மேடையின் நெற்றியில் புகையிலையின் பெயரை எழுதி வைத்திருந்தது வெட்கக்கேடுதான். புகையிலை விளம்பரத்தைத் தடை செய்யும் சட்டம் 2003-இல்தான் வந்தது. அதுவரை நாட்டின் கிரிக்கெட்டும் அந்தப் பணத்தில்தான் ஓடியது. ஆனால் விளம்பரப் பலகையை மட்டும் பார்த்துவிட்டு அதன் கீழே நடந்ததைப் பார்க்க மறுப்பது விமர்சனம் ஆகாது.

நான் திருநின்றவூர்க்காரன். கல்லூரியில் இளங்கலை படித்த காலத்தில் முதன்முறையாக அந்த அரங்குக்குப் போனேன். திருநின்றவூரிலிருந்து மின்தொடர் வண்டியில் சென்ட்ரல், அங்கே இறங்கிச் சாலையைக் கடந்து பூங்கா நிலையம், அங்கிருந்து நுங்கம்பாக்கம். முதல் மூன்று ஆண்டுகளும் போட்டி ஏப்ரலில் நடந்தது. சென்னையின் ஏப்ரலைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. மலிவான சீட்டு, உச்சி வெயில், தலையில் மடித்துப் போட்ட கைக்குட்டை. என்னைச் சுற்றி அமர்ந்திருந்தவர்கள் யாரும் மேட்டுக்குடியினர் அல்லர். ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து வந்த இளைஞர்கள், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இரவுப்பணி முடித்துத் தூங்காமல் வந்தவர்கள், பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்த ஓர் உடற்கல்வி ஆசிரியர். நிழல் விழுந்த பக்கத்து இருக்கைகள் அழைப்பிதழ்க்காரர்களுடையவை. அவற்றில் பல காலியாகவே கிடந்தன. அரங்கின் சத்தம் முழுவதும் வெயில் விழுந்த பக்கத்திலிருந்துதான் வந்தது.

இந்த ஊருக்கும் டென்னிஸுக்கும் உள்ள உறவு 1997-இல் தொடங்கியதும் அன்று. ராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றார். 1960-இலும் 1961-இலும் விம்பிள்டன் அரையிறுதிவரை போனார். அவருக்கு ஆட்டம் கற்பித்தவர் அவர் தந்தையே. அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979-இல் அதே இளையோர் பட்டத்தை வென்றார். 1989-இல் ஆஸ்திரேலிய ஓப்பனில், அன்று உலகின் முதலிடத்தில் இருந்த மாட்ஸ் விலாண்டரைத் தோற்கடித்தார். சென்னையில் பிறந்த விஜய் அமிர்தராஜ் 1973-இலும் 1981-இலும் விம்பிள்டன் காலிறுதியில் ஆடினார். 1985-இல் அவர் பெயரில் இங்கே தொடங்கப்பட்ட பயிற்சிப் பள்ளிக்குக் கல்கத்தாவிலிருந்து வந்து சேர்ந்த சிறுவன்தான் லியாண்டர் பேஸ்.

கவிஞர் அரசியலைக் கேட்டாரானால் அதுவும் இதற்குள் இருக்கிறது. 1974-இல் இந்தியா டேவிஸ் கோப்பையின் இறுதிச்சுற்றுக்கு வந்தது. எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சி நடத்தும் நாட்டுடன் ஆடமாட்டோம் என்று இந்தியா விலகியது. கோப்பை ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. விஜய் அமிர்தராஜும் அவர் தமையன் ஆனந்தும் இடம்பெற்றிருந்த அணி அது. தம் வாழ்நாளின் மிகப் பெரிய ஆட்டத்தை நம் ஊர்ப் பிள்ளைகள் ஒரு கொள்கைக்காக ஆடாமல் விட்டார்கள். நிறவெறிக்கு எதிராகத் தமிழில் எழுதப்பட்ட கவிதைகளை அடுக்கிக் காட்டும் நண்பர்கள் இந்தச் செய்தியை ஒரு வரியிலாவது நினைத்ததுண்டா?

விளையாட்டு இலக்கியத்துக்கு உரியதன்று என்பவருக்கு நம் முன்னோடிகளே பதில் சொல்லியிருக்கிறார்கள். சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' எதைப் பற்றியது? அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' நாவலில் சந்திரசேகரன் கையில் கிரிக்கெட் மட்டையோடுதானே அறிமுகமாகிறான்? ஓர் ஊரின் மானம், சாதி, அச்சம், வளர்ந்துவரும் ஒரு பையனின் தனிமை ஆகிய எல்லாவற்றையும் ஓர் ஆட்டக்களத்துக்குள் வைத்துப் பேச முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். நாம்தான் மறந்துவிட்டோம்.

*

இனி நான் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 21 ஆண்டுகளில் அந்தக் களத்தில் என்ன நடந்தது? அதை நாம் என்ன செய்தோம்?

முதல் ஆண்டு, 1997-இல், மிக்கேல் தில்ஸ்ட்ரோம் வென்றார். ஆனால் அந்த ஆண்டின் முக்கியச் செய்தி இரட்டையர் பிரிவில் இருந்தது. பேஸும், இதே சென்னையில் பிறந்த மகேஷ் பூபதியும் சேர்ந்து வென்ற முதல் ஏடிபி பட்டம் அது. 1998, 1999 ஆண்டுகளிலும் அவர்களே வென்றனர். 1999-இல் அந்த இணை பிரெஞ்சு ஓப்பனையும் விம்பிள்டனையும் வென்றபோது உலகம் வியந்தது. நுங்கம்பாக்கத்தில் வெயிலில் உட்கார்ந்திருந்தவர்கள் வியக்கவில்லை. 2002-இலும், கசந்து பிரிந்து மீண்டும் சேர்ந்தபின் 2011-இலும் அவர்கள் இங்கேயே வென்றார்கள்.

1998-இல் அமெரிக்க ஓப்பன் வெற்றியாளராக வந்த பாட்ரிக் ராஃப்டர் இங்கே பட்டம் வென்றார். 2000 முதல் போட்டி ஜனவரி முதல் வாரத்துக்கு மாறியது. ஆஸ்திரேலியாவுக்குப் போகும் வழியில் ஆட்டக்காரர்களுக்குச் சென்னை ஒரு சத்திரம் ஆயிற்று. தாய்லாந்தின் பாரதோர்ன் ஸ்ரீசாபன் 2002 முதல் 2005 வரை தொடர்ந்து நான்கு முறை இறுதிப்போட்டிக்கு வந்தார்; அவற்றுள் 2003-இல் வென்றார். வெற்றி பெற்றதும் கைகூப்பி நாற்புறமும் வணங்கும் அந்த ஆசியரை இந்த ஊர் தன் பிள்ளையாகவே எடுத்துக்கொண்டது. 2004-இல் டாமி ரொப்ரேடோவுடன் சேர்ந்து இரட்டையர் பட்டம் வென்ற 17 வயதுப் பையனின் பெயர் ரஃபேல் நடால். 2005 ஜனவரியில், ஆழிப்பேரலை நம் கரையைச் சிதைத்துச் சில நாட்களே ஆகியிருந்த நிலையில், பட்டம் வென்ற கார்லோஸ் மோயா தம் பரிசுத் தொகையைப் பாதிக்கப்பட்டோருக்கு அளித்தார்.

2008-இன் அரையிறுதியை நான் நேரில் பார்த்தேன். நடாலும் மோயாவும். இருவரும் மயோர்க்கா என்ற ஒரே தீவைச் சேர்ந்தவர்கள். மூத்தவர் இளையவருக்கு வழிகாட்டியாக இருந்தவர். மூன்று செட்டுகளும் டைபிரேக்கருக்குப் போயின. ஆட்டம் நான்கு மணி நேரத்தைத் தொட்டது. தோல்வியின் விளிம்பிலிருந்து பலமுறை மீண்டு நடால் வென்றார். கடைசி வண்டியைப் பிடிக்க வேண்டுமே என்ற கவலையில் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன், போக முடியவில்லை. மறுநாள் இறுதிப்போட்டியில் களைத்துப்போன நடாலை மிக்கைல் யூஷ்னி 6-0, 6-1 என்று முடித்துவிட்டார். வென்றதன் களைப்பிலேயே ஒருவன் தோற்க முடியும் என்பதைக் காவியங்களில் படித்திருக்கிறேன். கண்ணால் கண்டது அங்கேதான்.

2009-இல் தரவரிசையில் இருநூறுக்கு அப்பால் இருந்த சோம்தேவ் தேவ்வர்மன், போட்டி நடத்துவோர் அளித்த வைல்டு கார்டு என்ற சிறப்பு நுழைவில் உள்ளே வந்து, மோயாவை வென்று இறுதிப்போட்டிவரை போனார். உள்ளூரில் ஒரு பெரிய போட்டி நடப்பதன் முழுப்பொருளும் இதில் அடங்கியிருக்கிறது. இவ்வகைப் போட்டியில் ஒற்றையர் பிரிவில் மூன்று இடங்களை நடத்துவோர் தம் விருப்பப்படி நிரப்பலாம். வெளிநாட்டுக்கு விமானச்சீட்டு வாங்கிப் போய்த் தகுதிச்சுற்றில் முட்டிமோத வேண்டிய ஒரு பையனுக்கு, ஊரிலேயே உலகத்தரத்துக் களம் ஒன்றின் கதவு திறக்கிறது. 2014-இல் சென்னைப் பையன் ராம்குமார் ராமநாதன் அதே சோம்தேவை இங்கே வீழ்த்தினார். சோம்தேவுக்குத் திறந்த கதவுதான் அது.

கடைசிப் போட்டி 2017 ஜனவரி. வர்தா புயல் மரங்களைச் சாய்த்துப் போட்டிருந்த நகரில் அது நடந்தது. ஒற்றையரில் ரொபெர்த்தோ பவுதிஸ்தா அகுத், தம் முதல் ஏடிபி இறுதிப்போட்டியில் ஆடிய தனீல் மெத்வெதெவை வென்றார். இரட்டையர் கோப்பையை ரோகன் போபண்ணாவுடன் சேர்ந்து ஏந்தியவர் சென்னையின் ஜீவன் நெடுஞ்செழியன். இரு அணிகளிலும் இந்தியர்களே ஆடிய இறுதிப்போட்டி அது. பேஸும் பூபதியும் தொடங்கிய கணக்கு, நெடுஞ்செழியன் என்ற தமிழ்ப்பெயரோடு முடிந்தது. ஒரு நாவலாசிரியர் இப்படி முடித்திருந்தால் செயற்கை என்று நானே குறைசொல்லியிருப்பேன்.

இத்தனையும் நம் கண்முன் நடந்தது. இவற்றுள் எதைத் தமிழில் எழுதி வைத்தோம்? கிருஷ்ணன் குடும்பத்தின் கதையைத் தந்தையும் மகனும், பத்திரிகையாளர் நிர்மல் சேகரைத் துணைக்கொண்டு, 'எ டச் ஆஃப் டென்னிஸ்' என்ற நூலாக எழுதினார்கள். ஆங்கிலத்தில். இந்தப் போட்டியைத் தேர்ந்த உரைநடையில் ஆண்டுதோறும் பதிவு செய்தவரும் அதே நிர்மல் சேகர்தான். அதுவும் ஆங்கிலத்தில். போட்டி நின்ற அதே 2017-இல் அவரும் காலமானார். நுங்கம்பாக்கத்தின் வெயில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பேசியது தமிழ், கத்தியது தமிழ், கோட்டு நடுவரைத் திட்டியதும் தமிழ். நினைவு மட்டும் வேறு மொழியில் சேமிக்கப்பட்டது. இதில் அந்த மொழிக்காரர்கள் மீது எனக்குக் குறையில்லை. அவர்கள் தம் கடமையைச் செய்தார்கள். நாம் என்ன செய்தோம்? நானும் இந்தக் குற்றத்துக்கு உட்பட்டவனே. முதுகலைத் தமிழ் படித்தபோது டென்னிஸ் பார்க்கப் போனதைப் பேராசிரியரிடம் காய்ச்சல் என்று மறைத்தவன் நான். கபடி என்றால் சொல்லியிருப்பேன்.

2017 ஜனவரியை இன்னொரு காரணத்துக்காகவும் நினைத்துப் பாருங்கள். கடைசிப் போட்டி முடிந்த பத்தாவது நாளுக்குள் மெரினாவில் சல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் திரண்டார்கள். தடையை நீக்கும் சட்டம் வரும்வரை அவர்கள் நகரவில்லை. அதே ஆண்டு சென்னை ஓப்பன் போகிறது என்று அறிவிப்பு வந்தபோது நாலு பேர் கூடி ஒரு தட்டி பிடிக்கவில்லை. இரண்டையும் நான் ஒப்பிடவில்லை. ஒப்பிடக் கூடாதவை அவை. ஆனால் வேறுபாட்டின் காரணத்தைக் கேட்கலாம். சல்லிக்கட்டு நமக்குள் இருந்தது. பாட்டில், கதையில், ஊர்ப்பேச்சில், தாத்தாவின் தொடைத் தழும்பில் இருந்தது. அதனால் அதைத் தொட்டவுடன் நமக்கு வலித்தது. சென்னை ஓப்பன் அரங்கில் மட்டுமே இருந்தது. அரங்கிலிருந்து எடுத்ததும் வேறெங்கும் இல்லாமற்போயிற்று.

*

இவ்விடத்தில் என் ஊரின் கதை ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. திருநின்றவூரில் பூசலார் என்றொருவர் இருந்தார் என்கிறது பெரியபுராணம். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை, கையில் காசில்லை. எனவே மனத்துக்குள் கட்டினார். அதே காலத்தில் காஞ்சியில் பல்லவ மன்னன் கற்றளி ஒன்றைக் கட்டி முடித்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்தான். இறைவன் அவன் கனவில் தோன்றி, "அன்று நான் பூசலாரின் கோயிலுக்குப் போகிறேன், உன் நாளை மாற்றிக்கொள்" என்றான். மன்னன் தேடி வந்து, ஊருக்குள் அப்படியொரு கோயிலே இல்லாதது கண்டு திகைத்தான். அந்த அடியாரின் நினைவாக இருதயாலீசுவரர் கோயில் இன்றும் எங்கள் ஊரில் இருக்கிறது.

இக்கதையைப் பலரும் எளிய ஆறுதலாகவே சொல்கிறார்கள்: வசதி இல்லாவிட்டால் என்ன, மனமிருந்தால் போதும் என்று. சேக்கிழார் சொல்வது அதுவன்று. பூசலார் மனத்துக்குள்ளும் எதையும் குறுக்குவழியில் செய்யவில்லை. மரமும் கல்லும் தேடினார், தச்சர்களைத் தேர்ந்தார், நாள் பார்த்து அடித்தளமிட்டார், அடுக்கடுக்காக எழுப்பினார், சிகரம் வைத்தார், கிணறும் குளமும் வெட்டினார். ஒரு கல் கூடக் குறையவில்லை. அந்த முழுமைதான் மன்னனின் கோயிலுக்கு முந்தியது.

நாம் செய்ததோ தலைகீழ். 1995-இன் தெற்காசிய விளையாட்டுப் போட்டியையொட்டி நகருக்கு அரங்கு கிடைத்தது. விளக்கு கிடைத்தது, விளம்பரதாரர் கிடைத்தார், நடால் கிடைத்தார். மன்னனின் கோயில் குறைவின்றி இருந்தது. பூசலாரின் கோயிலுக்கு ஒரு செங்கல்லும் எடுத்து வைக்கவில்லை.

"பெண்கள் போட்டி வந்ததே, சேலஞ்சர் வந்ததே, ஏன் புலம்புகிறீர்?" என்று யாரேனும் கேட்கலாம். வந்தது உண்மை. 2022 செப்டம்பரில் அதே அரங்கில் நடந்த மகளிர் போட்டியில், செக் நாட்டின் 17 வயது லிண்டா ஃப்ருவிர்த்தோவா வென்றார். அடுத்த இரண்டு ஆண்டுகள் அது நடக்கவில்லை, 2025-இல் திரும்பியது, இந்தோனேசியாவின் ஜானிஸ் ட்ஜென் வென்றார். ஆண்களுக்கு இரண்டாம்நிலையான சேலஞ்சர் போட்டி 2023 முதல் 2025 வரை நடந்தது. 2024-இல் அதை வென்ற சுமித் நாகல், அந்த வெற்றியால் உலகின் முதல் நூறு பேருக்குள் நுழைந்தார். இவற்றை நான் மகிழ்ச்சியோடு வரவேற்கிறேன். ஆனால் இவையும் வாடகை வீடுகளே. ஒரு வருடம் உண்டு, மறுவருடம் இல்லை. முன்பு செய்த தவற்றையே இவற்றிலும் செய்தால் இன்னும் பத்தாண்டு கழித்து ஆவடித் தேநீர்க்கடையில் இன்னோர் ஒப்பாரி கேட்கும்.

வேறென்ன செய்யலாம் என்கிறீர்களா? போட்டியைத் திரும்பக் கொண்டுவர இயக்கம் நடத்தச் சொல்லமாட்டேன். உரிமையாளருக்கு வாடகை கட்டுப்படியானால் அது தானே வரும். நான் கேட்பவை இரண்டே.

ஒன்று, களம். பெரிய அரங்கின் வாடகைக்குப் போகும் பணத்தில் சிறு பகுதியாவது, புறநகர்ப் பள்ளி மைதானங்களில் பொதுக் களங்களாக விழ வேண்டும். என் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் கோயில்கள் உண்டு, ஏரி உண்டு, கல்லூரிகள் உண்டு. என் மகள் ராக்கெட் பிடிக்க ஓர் இடமில்லை. நுங்கம்பாக்கத்துக்குப் போய்வரக் குறைந்தது மூன்று மணி நேரம். பள்ளி விட்டு வந்த பிள்ளைக்கு அந்த மூன்று மணி நேரம் எங்கிருந்து வரும்? மாவட்டத்துக்கொரு சிறு போட்டி, அதில் வென்றவருக்குப் பெரிய போட்டியின் சிறப்பு நுழைவில் ஓரிடம் என்று ஒரு விதி 1997-இலேயே இருந்திருந்தால், திருவள்ளூர் மாவட்டத்துப் பெயர் ஒன்றையாவது இந்தக் கட்டுரையில் நான் எழுதியிருப்பேன்.

இரண்டு, எழுத்து. இது கவிஞருக்கும் எனக்குமான வேலை. அந்த அரங்கில் பந்து பொறுக்கிய சிறுவர்கள் இன்று முப்பதும் நாற்பதும் கடந்தவர்கள். கோடு பார்த்தவர்கள், களத்தைத் துடைத்தவர்கள், ராக்கெட்டுக்கு நரம்பு கட்டியவர்கள், வாசலில் சுண்டல் விற்றவர்கள் எல்லாரும் இந்த நகரில்தான் இருக்கிறார்கள். நடாலின் வியர்வைத் துண்டை வாங்கிய பையனுக்கு அன்று எத்தனை வயது, அவன் எந்தப் பள்ளியில் படித்தான், இப்போது என்ன வேலை செய்கிறான் என்பது எந்த விளையாட்டுப் புள்ளிவிவரத்திலும் இல்லை. அவர்களிடம் போய்க் கேட்டுத் தமிழில் எழுத வேண்டும். கல் கல்லாக, ஒன்றும் குறையாமல்.

என் வகுப்பில் சென்ற பருவத்தில் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். தம் ஊரில் நின்றுபோன ஏதாவது ஒன்றைப் பற்றி, அதோடு தொடர்புடைய ஒருவரைச் சந்தித்து மூன்று பக்கம் எழுதி வரவேண்டும். நின்றுபோன தெருக்கூத்து, மூடிய திரையரங்கு, ஓடாத பேருந்துத் தடம் என்று பலவும் வந்தன. ஒரு மாணவி மட்டும் தயங்கி எழுந்து, "ஐயா, எங்க மாமா சின்ன வயசுல நுங்கம்பாக்கத்துல டென்னிஸ் பந்து பொறுக்கினாராம். அதை எழுதலாமா? அது தமிழ்ப் பாடத்துக்குப் பொருந்துமா?" என்று கேட்டாள்.

எழுது என்றேன். மூன்று பக்கம் போதாது, முப்பது பக்கமாக எழுது என்றேன்.